கல்யாணக் காருக்கு இங்கிலாந்துத் தோல்

அப்பாவின் காருக்கு இருக்கை உறைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்று முடிவு செய்தவள் நான். அப்பா அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போ நகரின் புந்தோங்கில் எங்கள் தெருவில் இன்றும் சிலர், துரைக்குக் கார் ஓட்டிய பழக்கத்தில் அந்த மனிதர் ஆடம்பரம் பண்ணினார் என்று பேசுகிறார்கள். அவர் கேட்டது ரெக்சின். நான்கு நாளில் முடிந்திருக்கும் வேலை. அதற்கு அவரை ஏழு மாதம் காக்க வைத்தவள் நான்.

அப்பா இருபத்தாறு வருடம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் கார் டிரைவராக இருந்தார். எழுபதுகளில் கம்பெனி அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றது. கடைசித் துரை புதுக் காரில் கிளம்பிப் போனார். ஐம்பதுகளில் செய்யப்பட்ட பழைய ஆங்கிலக் கார் கொட்டகையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கறுப்பு நிறம், நீண்ட முன்பக்கம், பின்னால் இருப்பவர் காலை நீட்டிக்கொள்ளும் அளவு இடம். அப்பா அதைக் கேட்டார். எடுத்துக்கொண்டு போ என்றார்கள். வேலையும் தோட்டத்து வீடும் போன அதே வாரத்தில் எங்களுக்கு ஒரு கார் வந்தது.

ஈப்போவுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடம் படித்தேன். ஈயச் சுரங்கங்களுக்குப் பம்ப் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். எண் போட்டு எழுதாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. அந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்ததா, அந்தப் பழக்கத்தால்தான் வேலை ஒத்துப்போனதா என்று தெரியாது.

அப்பா காரைக் கல்யாணங்களுக்கு ஓட்டினார். சீனர் வீட்டுக் கல்யாணம் என்றால் முன்னால் ஒரு பொம்மையைக் கட்டுவார்கள். மலாய்க்காரர்களுக்குப் பூங்கொத்து, நம் ஆட்களுக்கு மல்லிகைச் சரம், எங்களைப் போன்ற தேவாலயக் குடும்பங்களுக்கு வெள்ளை ரிப்பன். எல்லாவற்றுக்கும் அப்பா தனித்தனிக் கொக்கி வைத்திருந்தார். பெயின்ட் கீறாதபடி ஒவ்வொரு கொக்கிக்கும் ரப்பர் குழாய் மாட்டியிருந்தார்.

பிறகு தாப்பா ஊரில் அந்தக் கல்யாணம் வந்தது. பின் இருக்கையில் தையல் விட்டு, உள்ளே இருந்த ஸ்பிரிங் கம்பி நக அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மணப்பெண் தேவாலய வாசலில் இறங்கியபோது தலையில் போட்டிருந்த வெள்ளை நெட் அந்தக் கம்பியில் மாட்டியது. உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது. அவசரத்தில் அவள் இழுக்க, நெட் தோளிலிருந்து பாதம் வரை கிழிந்தது. பெண்ணின் அம்மா அத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, கல்யாணத்துக்குக் கொண்டு வர்ற வண்டியா இது? கோழி ஏத்துற வண்டியா?"

தேவாலயக் குடும்பங்களுக்குள் இந்த மாதிரிச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். முன்பே சொல்லி வைத்திருந்த மூன்று வீட்டார் அந்த மாதத்திலேயே வேறு கார் பார்த்துக்கொண்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டு பாகான் டத்தோவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தேங்காயும் செம்பனைக் குலையும் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார்.

"மச்சான், தை மாசம் எனக்குப் புது லாரி ஒண்ணு வருது. வந்து ஓட்டுங்க லா. லாரி ஆளுங்க தங்குற கொங்சி வீட்டுல நாலு பேரோட படுத்துக்கலாம். மாசம் ஒரு தடவ வீட்டுக்கு வரலாம். இந்த மியூசியத்த வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"பாப்போம்," என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் முக்கால்வாசி சம்மதம். அப்பாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்மானம். லாரியின் உயரமான படியில் ஏற, ஒவ்வொரு முறையும் இடது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். தை முடிவதற்குள் கார் மறுபடியும் கல்யாணத்துக்குப் போகவில்லை என்றால் அவர் அந்த லாரியில் ஏறிவிடுவார். நான் மாமாவிடம் தை முடியும்வரை தவணை கேட்டேன். அவர் என் தலையில் தட்டி, "சரி, இன்ஜினியரம்மா," என்றார். அப்போது ஆனி மாதம்.

மறுநாளே அப்பாவும் நானும் சந்தைக்குப் பின்னால் இருந்த இருக்கை தைப்பவரிடம் போனோம். சீனர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்துக்கு முன்னால் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். பின் இருக்கையைச் சுற்றி வந்து, பள்ளம் பள்ளமாகத் தைத்திருந்த நீளக் கோடுகளில் விரலை ஓட்டினார்.

"அண்ணே, ரெக்சின் போட்டா வெள்ளிக்கிழமை முடிஞ்சிரும். ஆனா இந்த மாதிரி கோடு கோடா என் மெசின்ல வராது லா. பிளேனா வரும். டாக்சி மாதிரி இருக்கும்."

"டாக்சி மாதிரி இருந்தா என்ன? கம்பி குத்தாம இருந்தா போதும்," என்றார் அப்பா.

போதாது என்று எனக்குத் தெரிந்தது. ஈப்போவில் அப்போதே வாடகைக்குப் புது ஜெர்மன் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் குளிர்சாதனம் உண்டு. எங்கள் காரில் இல்லை. அவை வேகமாகப் போகும். எங்களுடையது போகாது. அப்படியும் ஒரு மணப்பெண் எங்கள் காரைக் கேட்பது, கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் செய்தபோது இருந்தது போலவே இருக்கும் என்பதற்காகத்தான். உள்ளே டாக்சி இருக்கை இருந்தால், அது வெறும் பழைய கார். இதை ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"ரெண்டாவது பக்கத்துல நம்ம கார திட்டி எழுதியிருக்க," என்றார்.

"ஒப்பிட்டு எழுதியிருக்கேன்பா."

"சரி. எங்கேருந்து வாங்கப் போற?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பட்டறை ஸ்டோரில் முன்பு வேலை செய்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன மோட்டார் பத்திரிகைகள் அடுக்கி இருந்தன. பழைய கார்களுக்கு அசல் அளவில் தோலை வெட்டி, தைத்தே அனுப்புவோம் என்று அவற்றில் ஒரு விளம்பரம் இருந்தது. பத்திரிகை பழையது. கடை இன்னும் இருக்கிறதா என்பதை என் கடிதத்தின் முதல் கேள்வியாக வைத்தேன். மொத்தம் முப்பத்தொரு கேள்விகள்.

இருந்தது. ஐந்து வாரத்தில் பதில் வந்தது. என் கேள்வி எண்களையே ஓரத்தில் போட்டு, ஒன்றையும் விடாமல் பதில் எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத அந்த ஆள் மேல் எனக்கு அப்போதே ஒரு மதிப்பு வந்துவிட்டது. அவர்களும் கேட்டிருந்தார்கள்: சேசிஸ் எண், பின் இருக்கையில் எத்தனை கோடுகள், நடுவில் கை வைக்கும் திண்டு உண்டா, வெயில் படாத இடத்திலிருந்து தீப்பெட்டி அளவு தோல்.

அந்தத் தோலை வெட்டப் பின் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் நாங்கள் இத்தனை நாள் பார்த்த கறுப்பு அதன் நிறம் இல்லை என்று தெரிந்தது. அடியில் மடித்து ஆணி அடித்திருந்த ஓரம் ஆழ்ந்த சிவப்பு. அப்பா நம்பவில்லை.

"இத யாரோ பின்னால ஒட்டுப் போட்டிருக்காங்க."

"ஒட்டு இல்லப்பா. ஒரே தோல்தான். நீங்க இதுக்கு என்ன தடவுவீங்க?"

"தேங்காய் எண்ணெதான். வாரா வாரம். பூசணம் பிடிக்காம இருக்க."

தோட்டத்தில் இருபத்தாறு வருடம், பிறகு இங்கேயும், வாரா வாரம். நான் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் சிவப்பு ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "துரையம்மா ஒரு தடவ கேட்டாங்க, கலர் மாறிருச்சான்னு. வெளிச்சம்னு சொல்லிட்டேன்," என்றார்.

சிவப்பையே கேட்டு எழுதினேன். என் சேமிப்பிலிருந்து வங்கி வரைவோலை போனது. உறைகள் கப்பலில் ஏறிவிட்டதாகப் புரட்டாசியில் தந்தி வந்தது. அத்துடன் ஒரு கடிதமும் வந்தது. அதன் கடைசி வரி, தயவுசெய்து இனித் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பது. அப்பா அதை மட்டும் எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தார்.

பெட்டி பினாங்குத் துறைமுகத்துக்குக் கார்த்திகையில் வந்தது. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவுடன் அதே காரில் போனேன். மற்ற இருக்கைகளைச் சீனர் முன்பே கழற்றிச் சட்டங்களைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் இருக்கை மட்டும் இருந்தது. நான் அதன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரத்தின் மேல் கோணியைப் போட்டு உட்கார்ந்தேன். பாரிட் புந்தார் தாண்டும்வரை வயல்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெளியே அவ்வளவு மினுக்கும் காருக்குள் தகரத்தின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து போவதைப் பார்த்து ஒரு கிழவர் கையைத் தட்டிச் சிரித்தார். அப்பா ஹார்ன் அடித்துப் பதில் சொன்னார்.

சுங்கத்தில் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் வைத்திருந்தேன். அங்கிருந்த இளம் மலாய் அதிகாரி அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். பெட்டியை ஏற்றும்போது காரைப் பார்க்க அவரே வெளியே வந்தார். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மார்ச் பள்ளி விடுமுறையில் தைப்பிங்கில் தன் தங்கைக்குக் கல்யாணம், அவளுக்கு இப்படி ஒரு கார் என்றால் உயிர் என்று மலாயில் சொன்னார். பிறகு பெட்டியைக் காட்டிக் கேட்டார்:

"இது என்ன தோல்?"

"இங்கிலாந்துத் தோல்."

"அது தெரியுது, சிக்," என்றார், மலாயில் 'மிஸ்' என்பதை. "எந்த மிருகத்தோட தோல்?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு கேள்விகள் கேட்டிருந்தேன். நூலின் தடிப்பைக் கேட்டிருந்தேன். கப்பலில் ஈரம் ஏறாமல் இருக்க எந்தத் தாளில் சுற்றுவீர்கள் என்று கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை.

அவர் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. "பன்றியா இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா என் அம்மா நினைக்கிறத நம்ப மாட்டாங்க. எழுத்துல இருந்தா ஏறுவாங்க," என்றார்.

அன்று மாலையே ஏரோகிராம் எழுதினேன். ஒரே ஒரு கேள்வி. அந்த ஆள் இதற்கும் எண் ஒன்று என்று போட்டுப் பதில் அனுப்பினார்: எங்கள் தோல் அனைத்தும் மாட்டுத்தோல், வேறு எந்த மிருகத்தின் தோலும் தையலில்கூட இல்லை. கீழே கடையின் முத்திரை.

இதற்குள் சீனர் வேலையைத் தொடங்கியிருந்தார். புது உறைகளை உடனே மாட்டவில்லை. மதிய வெயிலில் காரின் முன்பக்க மூடியின் மேல் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் உறைகளைப் பரப்பினார். "சூடு ஏறட்டும் தங்கச்சி. குளுர் நாட்டுத் தோலு. இங்க கொஞ்சம் பழகட்டும்," என்றார். சூடேறிய தோல் அவர் கைக்கு வளைந்து கொடுத்தது. பின் இருக்கை, சாய்வு, திண்டு எல்லாம் அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தன. முன்னால் இடது இருக்கையும் அப்படியே.

டிரைவர் இருக்கைக்கு மட்டும் இரண்டு அங்குலம் போதவில்லை.

நான் அளவு நாடாவை எடுத்தேன். அவர் சட்டத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் நான்கு ரப்பர் மரக் கட்டைகள் வைத்து இருக்கையை உயர்த்தி, அதன் மேல் பழைய தோலை இழுத்து அடித்திருந்தது. தோட்டத்துத் தச்சரின் வேலை. அந்தக் கார் ஆறடி உயரத் துரை தானே ஓட்டுவதற்காக வந்தது. அப்பாவின் உயரம் ஐந்தடி மூன்று.

"கட்டைய எடுத்துட்டா உறை சரியா வரும். ஆனா அண்ணே ஸ்டியரிங் ஓட்டைக்குள்ளதான் ரோட்டப் பாக்கணும்," என்றார் சீனர்.

"அதுக்கு நீ ஒரு கைக்கொழந்த தலகாணி தச்சுக் குடு லா," என்றார் அப்பா.

இரண்டும் வேண்டாம் என்றேன். கட்டையை இருக்கைக்கு உள்ளே வைத்ததுதான் தவறு. இருக்கை நகரும் தண்டவாளத்துக்குக் கீழே வைத்தால் இருக்கை முழுவதுமே உயரும், உறை தன் அளவிலேயே இருக்கும். அன்று இரவுக்குள் வரைபடம் போட்டேன். மறுநாள் பட்டறை மேற்பார்வையாளரின் அனுமதியோடு நான்கு அலுமினியத் துண்டுகளைக் கடைந்து வாங்கினேன். அப்பா ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியே முன்பக்கத்தின் நுனிவரை பார்த்தார். இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தார்.

மார்கழி கடைசியில் கார் தயாராகிவிட்டது. தையில் முதல் கல்யாணம் கிடைத்தது. ஈப்போவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். தாப்பா கதை அவர்கள் காதுக்குப் போகவில்லை. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, பெண் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். இந்தக் கல்யாணம் நன்றாக நடந்தால் அந்தச் சமூகத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செய்தி போகும். நடக்காவிட்டால் மாமாவின் லாரி இருக்கிறது.

நான் அதற்கும் ஒரு பட்டியல் போட்டேன். அதில் கடைசி வேலை இங்கிலாந்துக் கடிதம். தைப்பிங்கில் மட்டும் காட்டினால் போதுமா? ஏறுகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கடிதத்தின் சாரத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, முத்திரையுள்ள அசலோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். முன் இருக்கையின் பின்புறத்தில், பின்னால் உட்காருபவரின் கண்ணுக்கு நேராக மாட்டினேன். அப்பா பார்த்து, "நல்லா இருக்கு புள்ள, லைசன்ஸ் மாதிரி," என்றார்.

பதினாறு வருடம் தோட்டத்து லயத்து வீடுகளில் இந்துக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். மாரியம்மன் திருவிழாவுக்குப் பாயசம் வாங்கித் தின்றவள். பன்றி இல்லை என்று நிரூபிப்பதில் இருந்த மும்முரத்தில், மாடு என்று நானே விளம்பரம் செய்கிறேன் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமசுக்கு மாட்டிறைச்சி ரெண்டாங் சமைப்பார்கள். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லாமல் போய்விட்டிருந்தது.

கல்யாணக் காலையில் நானும் போனேன். ஊசி, நூல், கொக்கி, பஞ்சு, ஓர் அடி மரச்சட்டம் எல்லாம் பையில் இருந்தன. நான் முன்னால் அப்பாவின் பக்கத்தில். பெண்ணின் மாமி, ஓய்வுபெற்ற ஆசிரியை, மணப்பெண்ணுக்கு முன்பாகத் தான் ஏறி இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏறினார். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் ரகம்.

"செராத்துஸ் பெராத்துஸ் கூலிட் லெம்பு," என்று படித்தார். பிறகு அதைத் தமிழில் தனக்கே சொல்லிக்கொண்டார். "நூறு வீதம் மாட்டுத்தோல்."

எழுந்திருக்கப் பார்த்துத் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார்.

"நில்லுங்கோ! ஒருத்தரும் ஏறாதேங்கோ. டிரைவர், இது மாட்டுத்தோலோ?"

அப்பா திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. தாப்பா வாசலில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"அது பழைய பேப்பரும்மா," என்றார். "இது ரெக்சின்தான்."

மாமியின் முகம் இளகத் தொடங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளைக் காட்டித்தான் மார்ச்சில் இன்னொரு தாயை ஏறச் சொல்லப் போகிறேன். இங்கே பொய் என்று சொன்னால் அங்கேயும் அது பொய்தான்.

"இல்லம்மா," என்றேன். "மாட்டுத்தோல்தான். பேப்பர்ல இருக்கிறது சரி."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விரதம் பிடிச்ச பிள்ளை! அம்மன் சந்நிதிக்குப் போற பிள்ளை! இதில இருத்தி அனுப்பிறதோ?" என்று மாமி இறங்கிக்கொண்டே கேட்டார். கேள்வி என்னை நோக்கி இல்லை. மொத்தத் தெருவையும் நோக்கி.

மணப்பெண் வாசலில் மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். வியர்வை அரும்பத் தொடங்கிவிட்டது.

"மாமி, கோயில் மண்டபத்தில தவில்காரர் வந்து நிக்கினம். தவில் என்னத்தில செய்தது?"

"அது எருமை. அது வேற."

"எருமை வந்து சொன்னதோ, நான் வேறயெண்டு?"

"அது வாத்தியமடி!"

"இதுக்கும் ஹோர்ன் இருக்கு மாமி. வாத்தியத்தில சேருங்கோ."

பின்னால் நின்ற யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே, "அக்கா, முகூர்த்தம் போகுது," என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப தோய்ச்சுக் காயவைச்ச வெள்ளை வேட்டி ஒண்டு எடுத்து வாங்கோ. அதை விரிச்சு, மேல இருக்கட்டும்."

வேட்டி வந்தது. அதோடு ஊக்குகள் கோத்த ஒரு வளையமும் வந்தது. ஒரு பெண் ஊக்கைப் பிரித்துச் சாய்வில் குத்தப் போனாள். நான் முன்பக்கத்திலிருந்து இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்துவிட்டேன். அதுவரை அமைதியாகப் பேசியவள், அங்கேதான் குரலை உயர்த்தினேன்.

"ஊக்கு குத்தக் கூடாது!"

"ஊக்கு இல்லாட்டி நிக்குமோ பிள்ளை?" என்றார் மாமி. "பட்டுச் சேலை வழுக்கிக்கொண்டு போகும்."

"நான் நிக்க வைக்கிறேன்மா. ரெண்டு நிமிசம் குடுங்க."

வேட்டியின் விளிம்பை நான்காக மடித்து, சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கில் வைத்து, மரச்சட்டத்தால் உள்ளே தள்ளினேன். பக்கங்களையும் அப்படியே. மேல் ஓரத்தைச் சாய்வுக்குப் பின்னால் இழுத்துச் சொருகினேன். சுருக்கமில்லாமல் தோல் போலவே இறுகி நின்றது. மாமி உள்ளங்கையால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் மணப்பெண். நான் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

மண்டபத்துக்குப் போகும் வழியில் மணப்பெண் ஒருமுறை, "நல்லா இருக்கு, அசையவே இல்லை," என்றாள்.

இறங்கும்போது பெண்ணை முதலில் விட்டுவிட்டு, மாமி கொஞ்சம் பின்தங்கினார். வேட்டியின் ஒரு முனையைத் தூக்கி, கீழே இருந்த சிவப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல வேலை. பிள்ளை, என்ர மகளுக்கு வைகாசியில செய்யிறம். வேட்டியை நீங்களே கொண்டு வாங்கோ. ஊக்கு வேண்டாம், நீர் செய்த மாதிரியே."

அவர் உள்ளே போனதும் தவில் தொடங்கியது. அப்பா காரை மரநிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"ஏன் புள்ள உள்ளதச் சொன்ன?"

"தைப்பிங்ல அதே பேப்பரத்தான்பா காட்டணும்."

"சரி. அத அங்க மாட்டினது யாரு?"

"நான்தான்."

"ஆங். அது ஞாபகம் இருக்கட்டும்," என்றார். பிறகு, "முந்நூறு கேள்வி கேப்ப, இத மட்டும் கேக்க மாட்ட," என்று சொல்லிச் சிரித்தார். முப்பத்திரண்டு என்று நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து யார் கார் கேட்டு வந்தாலும், தோல் என்ன என்பதை முதலிலேயே சொல்லி, விரிப்பு வேண்டுமா, கடிதம் வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொண்டோம்.

அந்தத் தையிலேயே அதே குடும்பத்தின் சொந்தங்களிலிருந்து இரண்டு வீட்டார் வந்தார்கள். மார்ச்சுக்குத் தைப்பிங் உறுதியானது. தாப்பாவிலிருந்து யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு, நாங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது மாமாவின் புது லாரி தெருவை அடைத்து நின்றது. மஞ்சள் நிறம். மாமா படியில் உட்கார்ந்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், ஏறுறீங்களா? தை முடியப் போகுது."

அப்பா லாரியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார், கதவைத் திறந்து பார்த்தார். நல்ல வண்டி என்றார். பிறகு கதவை மூடிவிட்டுச் சொன்னார்:

"இல்ல மாப்ள. சனிக்கிழமைக்கெல்லாம் ஆள் சொல்லிட்டாங்க. நீ வேற டிரைவரப் பாரு லா."

"சனிக்கிழமை மட்டும் ஓட்டி என்ன சம்பாதிப்பீங்க?"

"ஞாயித்துக்கெழமையும் இருக்கு."

"அட, துரை டிரைவரு இப்ப துரையாவே ஆயிட்டாரு," என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கோபமில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் அம்மா உள்ளறையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். அதில் அப்பாவின் நான்கு கைலிகள், இரண்டு சட்டைகள், ஒரு போர்வை, முதுகுக்குத் தடவும் தைலப் புட்டி. எப்போது கட்டி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடிப்பைச் சரிசெய்து அலமாரியில் வைத்தாள். அப்பா தைலப் புட்டியை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.